கிளீனர் இல்லாத வண்டி

லென்ஸைக் கழற்றிய பிறகுதான் அர்த்தநாரிக்குத் தன் கண் போய்விட்டது தெரிந்தது.

சேலத்துக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சபீனா அவருடைய இரண்டு கண்ணிலிருந்தும் வெங்காயச் சருகு போன்ற அந்த லென்ஸ்களை எடுத்தார். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பொட்டளவு சில்லையும் உரித்துத் தட்டில் வைத்தார். அர்த்தநாரி கண்ணைச் சிமிட்டினார். மறுபடி சிமிட்டினார். பிறகு நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார்.

"என்னங்க பண்ணுனீங்க? நேரா மட்டுந்தான் தெரியுது. பைப்புக்குள்ள பாக்கற மாதிரி இருக்குது. சைடெல்லாம் எங்கீங்க போச்சு? எம்பட கண்ணை என்ன பண்ணுனீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மைதிலிக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவளுடைய இடது கை மணிக்கட்டு வரைக்கும் கட்டுக்குள் இருந்தது. அந்தக் கட்டுக்குள் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. இந்த மனிதர் லாரியைப் பின்னால் எடுத்து, வீட்டுக் கேட்டின் கல்தூணோடு சேர்த்து நசுக்கியதில் போனவை அவை. பெண்டாட்டி கையை நசுக்கிவிட்டு இப்போது கண் தெரியவில்லை என்று நாடகம் போடுகிறாரா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அவர்கள் ஊரான சங்ககிரியில் லாரிக்கு டிரைவர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கிளீனர். டிரைவருக்கு வலது பக்கம் சொந்தம். இடது பக்கம் கிளீனருடையது. இடது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கையால் கதவின் தகரத்தைத் தட்டிச் சொல்வார் கிளீனர். இரண்டு தட்டு தட்டினால் போகலாம். ஒரே தட்டு என்றால் நிறுத்த வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. முதலில் பிரேக், பிறகுதான் கேள்வி. அந்த ஊரில் லாரி ஓட்டக் கற்றுக்கொள்கிறவனுக்கு ஸ்டியரிங்கைத் தொடவிடும் முன்பே இதைத்தான் சொல்லித் தருவார்கள்.

கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அர்த்தநாரியின் வண்டிக்கு மைதிலிதான் கிளீனர். பெண்பிள்ளை கிளீனர் சீட்டில் உட்காருவதா என்று சிரித்தவர்கள் எல்லாம், அவள் இண்டு இடுக்கில் வழி சொல்லி வண்டியை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். மகள் யாழிசையைக்கூட வண்டியிலேயே தொட்டில் கட்டித்தான் வளர்த்தாள். நால்வழிச் சாலையில் லாரிகள் தாமாக ஓடத் தொடங்கிய பிறகும், ஊருக்குள் சரக்கு ஏற்றவும் பட்டறைச் சந்துகளில் வண்டியைத் திருப்பவும் ஆள் தேவைப்பட்டது. அதனால் அவர்கள் பிழைப்பு நடந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம் 'நிறைவிழி' வந்தது. கண்ணில் லென்ஸ், காதுக்குப் பின்னால் ஒரு சில்லு. இரண்டையும் போட்டுக்கொண்டால் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கூசாது, மூடுபனியிலும் ரோடு தெரியும், திரும்பாமலே இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரியும். 'இனி உங்கள் வண்டிக்குக் கிளீனர் எதற்கு?' என்று பவானி ரோடு முழுக்கப் பலகை வைத்தார்கள். லாரி முதலாளிகளுக்கு அது தேனாக இனித்தது. கிளீனர்களை இறக்கிவிட்டார்கள். அடிக்கடி பழுதாகும் பின்பக்கக் கேமராவையும் கழற்றிப் போட்டார்கள். மைதிலி வீட்டோடு உட்கார்ந்தாள். ஆனாலும் பழக்கம் விடுமா? தினமும் சாயந்திரம் வண்டி வீடு திரும்பும்போது கேட்டின் இடது தூணருகே நின்று, கையை ஆட்டி, "வா, வா, வா" என்று அவள்தான் உள்ளே எடுத்துக் கொடுப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான். ஆனால் பின்சக்கரம் வரும் வழியில் யாரோ ஒரு செங்கல்லைப் போட்டிருந்தார்கள். அதை எடுக்கக் குனிந்தவள், இடது கையைத் தூணில் ஊன்றிக்கொண்டாள். வண்டி நிற்காமல் வந்தது. அவள் வலது கையால் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அப்போதும் நிற்கவில்லை.

"நீ தூணுகிட்டதான நின்னே," என்று அன்று முதல் அர்த்தநாரி சொல்லிக்கொண்டிருந்தார். "கையை ஆட்டி வா வான்னுதான சொன்னே. எம்பட கண்ணால பாத்தேன்."

"தட்டுனது கேக்கலீங்களா?"

"கேட்டுச்சு. ஆனா நீ வா வாங்கற. கண்ணை நம்பறதா, காதை நம்பறதா?"

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் மைதிலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தட்டுக்கு நிற்காத டிரைவரை அந்த ஊரில் யாரும் டிரைவர் என்று சொல்ல மாட்டார்கள். குடித்திருந்தாரா, தூங்கினாரா, பொய் சொல்கிறாரா என்று அவள் கேட்காத கேள்வியில்லை. கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு வந்ததுகூட, கண்ணில் ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் கேட்டுவிட்டு அவரை ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான்.

டாக்டர் சபீனா அர்த்தநாரியின் கண் நரம்பைப் படம் எடுத்தார், அழுத்தத்தை அளந்தார். அவரை ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்க்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். அர்த்தநாரி கொஞ்ச நேரம் அழுத்தினார். பிறகு பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தின் ஓரங்களில் புள்ளிகள் மின்னிக்கொண்டே இருந்ததை மைதிலி பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. அவர் நடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இதுக்குப் பேரு கிளாக்கோமா," என்றார் டாக்டர். "தமிழ்ல கண் நீர் அழுத்த நோய்ம்பாங்க. கண்ணுக்குள்ள ஊறுற நீர் சரியா வடியாம அழுத்தம் ஏறி, கண் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்கும். வலிக்காது. சிவக்காது. ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு நடுவுக்கு வரும். நடுப் பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கறதால யாருக்கும் தெரியறதில்லை. உங்க வீட்டுக்காரருக்கு நாலஞ்சு வருஷமா போயிட்டு இருந்திருக்கு."

"அதெப்படீங்க? போன வாரம் வரைக்கும் லாரி ஓட்டுனாரு."

"அதுதான் இந்த லென்ஸ் பண்ணுன வேலை. கண்ணு அனுப்பாத இடத்துப் படத்தைச் சில்லு நேரா மூளைக்கு அனுப்பும். பார்வைல ஓட்டை விழுந்தா அது ஒட்டுப் போட்டுடும். அவருக்கு ஓட்டையும் தெரியாது, ஒட்டும் தெரியாது." டாக்டர் அர்த்தநாரியின் பக்கம் திரும்பினார். "ஐயா, அன்னைக்கு உங்க மனைவி தூண்கிட்ட நின்னாங்கன்னு சொல்றீங்களே, என்ன புடவை கட்டியிருந்தாங்க?"

"பச்சைங்க. மாம்பிஞ்சு போட்ட பச்சை." அர்த்தநாரி யோசிக்கவே இல்லை.

மைதிலி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பச்சைப் புடவை கிழிந்து, அதை லாரி துடைக்கும் துணியாக்கி இரண்டு தீபாவளி போய்விட்டது. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது அரக்கு. ரத்தம் பட்டதுகூட முதலில் தெரியாத அளவுக்கு அழுத்தமான அரக்கு.

"அப்ப அவரு பாத்தது யாரைங்க?" என்றாள்.

"உங்களைத்தான். ஆனா பழைய உங்களை," என்றார் டாக்டர்.

மைதிலி புருஷன்மேல் வைத்திருந்த கோபம் முழுவதும் அந்த இடத்திலேயே வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. கோபம் குறையவில்லை, இன்னும் கொழுந்துவிட்டு எரிந்தது. அவளைச் சீட்டிலிருந்து இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு பொய்க்காரனை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பொய்க்காரன் அவளுடைய உருவத்தையே எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளைக் கொல்ல வா வா என்று கை காட்டியிருக்கிறான்.

"போன பார்வை வருங்களா?"

"வராதும்மா. செத்த நரம்பு செத்ததுதான். இருக்கறதைக் காப்பாத்தலாம். தினமும் விடாம சொட்டு மருந்து போடணும், தேவைப்பட்டா ஆபரேஷன். ஆமா, இவர் கண்ணுக்கு ஏற்கெனவே ஏதாவது சொட்டு போட்டுட்டிருந்தாரா?"

லென்ஸ் போட்டால் சாயந்திரத்துக்குள் கண் சிவந்துவிடும். அதற்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் சின்னப் பாட்டிலை மைதிலி பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மேஜைமேல் டக்கென்று வைத்தார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. டாக்டர் சொல்லாம மாசக்கணக்குல போட்டா இதுவே அழுத்தத்தை ஏத்திவிடும். இதை யார் போடச் சொன்னது?"

"எங்க பொண்ணு. அவ நிறைவிழிக் கடைலதாங்க வேலை செய்யறா. அங்க எல்லாரும் இதைத்தான் போடறாங்களாம்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "உங்க பொண்ணும் லென்ஸ் போடுறாளா?"

"காலேஜ் படிக்கும்போதிருந்து."

"அம்மா, இது குடும்பத்துல வர்ற நோய். அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு பல மடங்கு. அதுக்கு மேல இந்தச் சொட்டு வேற. அந்தப் பொண்ணைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. இப்பவே பிடிச்சா அவ பார்வையைக் காப்பாத்திடலாம். விட்டுட்டா இவர் நிலைமைதான்."

மைதிலிக்கு மாமனார் ஞாபகம் வந்தது. கடைசிக் காலத்தில் நிலைக்கதவில் முட்டிக்கொண்டே இருப்பார், வாசலில் கிடக்கும் குடத்தை உதைத்துத் தள்ளுவார். தண்ணியைப் போட்டுவிட்டு வருகிறார் என்று வீடே திட்டியது. குடிக்கவே குடிக்காத மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டாள். யாழிசை திருச்செங்கோட்டில் தோழியோடு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, சங்ககிரி நிறைவிழிக் கடைக்கு வேலைக்கு வந்து போகிறவள். அப்பா கண்ணைப் பற்றிக் கேட்டு அழுதாள். அடிபட்ட அன்று ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் போலவே அழுதாள். ஆனால் அவள் கண்ணைக் காட்ட வேண்டும் என்றதும் குரல் மாறிவிட்டது.

"எனக்கென்னம்மா? எல்லாம் நல்லாத் தெரியுது."

"உங்கப்பாவும் அதைத்தான் சொன்னாரு."

"அவருக்கு வயசு அம்பத்தஞ்சு. எனக்கு இருபத்தேழு. லென்ஸைக் கழட்டுனா கடைல சேத்துக்க மாட்டாங்க, தெரியுமல்ல? போடாதவங்க வித்தா யாரும்மா வாங்குவாங்க?"

மறுநாள் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்றாள். அடுத்த வாரம் லீவு கிடைக்கவில்லை என்றாள். மைதிலி கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிட மாட்டேன் என்று மிரட்டினாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போனது.

இங்கே வீட்டிலோ அர்த்தநாரி வேறு ஒரு பாட்டுப் பாட ஆரம்பித்தார். கட்டில் காலில் இடித்துக்கொண்டு, வைத்த டம்ளரைத் தட்டிவிட்டு, ஒரு நாள் சாயந்திரம் மெதுவாகக் கேட்டார்.

"மைதிலி, அந்த லென்ஸை மறுக்காப் போட்டுக்கட்டுமா? வண்டி ஓட்ட மாட்டேன். சும்மா வீட்டுல இருக்கறப்ப மட்டும்."

"எதுக்கு?"

"எல்லாம் முழுசா இருக்கும். நீயும் நல்லாத் தெரிவே."

"நான் தெரியலீங்க. எம்பட பழைய போட்டோ தெரிஞ்சுது. அதுகூட வாழறதுன்னா வாழுங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்." சொல்லிவிட்டு அவளே அழுதாள். பிறகு அவர் தலையைப் பின்னால் சாய்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டைக் கண்ணில் விட்டாள். திட்டிக்கொண்டேதான் விட்டாள். ஆனால் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

கையிலிருந்த கட்டை அவிழ்த்த அன்று மைதிலி வீட்டுக்குப் போகவில்லை. நேராக நிறைவிழிக் கடைக்குப் போனாள்.

கடை ஜிலுஜிலுவென்று இருந்தது. வெள்ளை நாற்காலிகளில் டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அவளுக்குத் தெரிந்த முகங்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் ஒருவருக்கு லென்ஸ் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாற்காலியில் இன்னொரு பெண் அதே வேலையில் இருந்தாள். மைதிலி முந்தானையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

"அம்மா, இங்க எதுக்கு வந்தே?" என்றாள் யாழிசை தாழ்ந்த குரலில். "மேனேஜர் இருக்காரு."

"இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. உங்கப்பா பாத்த மைதிலி பச்சைப் புடவை கட்டியிருந்தா. ஏன்?"

யாழிசை சுற்றிலும் பார்த்தாள். "எல்லாத்தையும் நொடிக்கு நொடி படமெடுத்து அனுப்புனா சில்லு சூடாயிடும்மா, சார்ஜ் சீக்கிரம் போயிடும். புது இடம், புது ஆளுன்னா நிசமாப் படமெடுக்கும். பழகின இடமா இருந்தா ஏற்கெனவே எடுத்த படத்தையே போட்டுக்கும். நம்ம வீடு, நம்ம ஆளுங்க எல்லாம் எங்க போயிடப் போறாங்க? மாறவா போறாங்க?"

"அதாவது ஊரான் வந்தா நிசமாப் பாக்கும். பொண்டாட்டி புள்ளைன்னா பாக்காது."

"அப்படிச் சொல்லாதம்மா."

"வேற எப்படிச் சொல்றது? சரி, கண்ணுல அழுத்தம் ஏறுனா உங்க லென்ஸுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அழுத்தம் ஏறுனா கண்ணோட வடிவம் துளி மாறும். உடனே தானா சரி பண்ணிக்கும்."

"கண்ணைச் சரி பண்ணுமா?"

யாழிசை கை துடைத்த துணியை மடித்து வைத்தாள். "இல்ல. லென்ஸைச் சரி பண்ணிக்கும்."

நாலைந்து வருஷமாக ஒரு மனுஷன் கண் அவிந்துகொண்டிருந்தது அவன் கண்மேலேயே உட்கார்ந்திருந்த சனியனுக்குத் தெரிந்திருக்கிறது. அது வாயைத் திறக்கவில்லை. தனக்கு மட்டும் வசதி பண்ணிக்கொண்டு, ஒட்டுப் போட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதற்குள் மேனேஜர் ஹரிசங்கர் வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும். சட்டை கசங்காத மனிதர்.

"உட்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டேன், வருத்தமா இருக்கு. ஆனா எங்க லென்ஸால அவருக்கு நோய் வரலை. அது வேற காரணம்."

"வந்தது தெரிஞ்சுதுல்ல? ஏன் சொல்லலை?"

"சொன்னா இது மருத்துவக் கருவி ஆயிடும்மா. அதுக்குச் சட்டமே வேற. நாங்க டாக்டர் இல்லீங்களே. நாங்க விக்கறது வசதி."

"நானும் டாக்டர் இல்லீங்க. கிளீனரு," என்றாள் மைதிலி. குரல் அவளை மீறி உயர்ந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இடது பக்கம் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவேன். இருட்டா இருக்குது, எறங்கிப் பாக்கறேன், நில்லுங்கன்னு சொல்லுவேன். தெரியாம ஒரு நாளும் போலாம்னு சொன்னதில்லை. உங்க சாமான் தெரியாததையெல்லாம் தெரியுது தெரியுதுன்னு சொல்லிட்டே இருக்குது. எங்க ஊர்ல இப்படி ஒரு கிளீனர் இருந்தா அடிச்சுத் தொரத்துவோம். நீங்க பலகை வெச்சு விக்கறீங்க."

"அம்மா, கஸ்டமர்ஸ் இருக்காங்க. மெதுவா..."

"அவங்களுக்குக் கேக்கட்டும்னுதான் கத்தறேன்."

யாழிசை அம்மாவின் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அவமானமா கோபமா என்று மைதிலிக்குப் புரியவில்லை.

"போதும்மா. என் வேலையைக் கெடுத்துடாத. அப்பாவுக்கு வந்துடுச்சு, சரி. எனக்கும் வந்தே தீரணும்னு இருக்குதா? நான் தினமும் நூறு பேரைப் பாக்கறேன், ஊசிக் காதுல நூல் கோக்கறேன். எனக்குத் தெரியாதா எனக்குத் தெரியுதா இல்லையான்னு?"

"அதான் தெரியாது, கண்ணு. அந்த நோயே அப்படித்தான்."

"சும்மா மிரட்டாதம்மா."

மைதிலி அவளையே பார்த்தாள். கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பட்டது. லாரியை எடுத்துக் கொடுக்கும்போது டிரைவர் பிடிவாதம் பிடித்தால் கிளீனர் வாதாடிக்கொண்டிருக்க மாட்டார். இறங்கிப் போய் அந்த இடத்தில் நின்று காட்டுவார். அவ்வளவுதான்.

"சரி. ஒண்ணே ஒண்ணு பண்ணு, நான் போயிடறேன். நேரா அந்தக் காலண்டரைப் பாரு. என்ன ஆனாலும் கண்ணைத் திருப்பாத."

"இதென்ன விளையாட்டு?"

"உங்கம்மா கேக்கறேன். பாரு."

யாழிசை சலித்துக்கொண்டே காலண்டரைப் பார்த்தாள். மைதிலி அவளுடைய இடது பக்கமாக நகர்ந்தாள். காதுக்கு நேராக இரண்டு அடி தள்ளி நின்று, முந்தானைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து, விரித்துப் பிடித்தாள்.

"கையைத் தூக்கியிருக்கறது தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"எத்தனை விரலு?"

"அஞ்சு," என்றாள் யாழிசை எரிச்சலோடு. "அஞ்சு விரலையும் விரிச்சுட்டு நிக்கறே. வளையல்கூடத் தெரியுது. போதுமா? இப்பவாவது..."

அவள் பேச்சு அங்கேயே நின்றது.

தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எந்த இரண்டு விரல் என்று கேட்டவள் அவள்தான். கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதவளும் அவள்தான். மேனேஜர் மைதிலியின் கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யாழிசை மெதுவாகத் தலையைத் திருப்பினாள். தூக்கிப் பிடித்த கையில் கட்டை விரலும் அதற்கடுத்த இரண்டும்தான் இருந்தன. மீதி இடத்தில் தையல் போட்ட தோல் ஊதா நிறத்தில் மினுங்கியது. வளையல் இல்லை. வீங்கிய கைக்கு வேண்டாம் என்று அன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"அம்மா," என்றாள். "அஞ்சும் இருந்துச்சும்மா."

ஜெயித்துவிட்ட திருப்தி மைதிலிக்கு வரவில்லை. இத்தனை நாள் தான் தப்பாகச் சொல்வதாக இருக்கட்டும், அந்தப் பெண் டாக்டர் பயமுறுத்துவதாக இருக்கட்டும் என்று அவளே ரகசியமாக வேண்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"கழட்டு, கண்ணு."

யாழிசை தன் கையாலேயே லென்ஸ்களை எடுத்தாள். காதுக்குப் பின்னால் இருந்த சில்லை உரித்தாள். கண்ணை மூடித் திறந்தவள் இடது பக்கம் கையைத் துழாவினாள்.

"அம்மா, எங்க நிக்கறே?"

"இங்கதான். உன்ற இடது பக்கம்." மைதிலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாத. உங்கப்பா மாதிரி விட்டுட மாட்டோம். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொன்னாங்க. இப்பவே சேலம் போறோம்."

"யாழிசை, ஷிஃப்ட் நேரத்துல லென்ஸைக் கழட்டக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்," என்றார் ஹரிசங்கர். குரலில் முன்பிருந்த அழுத்தம் இல்லை. அவர் தன்னையறியாமல் தன் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் யாராவது இடது பக்கம் நின்று விரல் காட்ட வேண்டியிருக்கும் என்று மைதிலிக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் எதுவும் நடக்காதது போல் வேலை நடந்துகொண்டிருந்தது. அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். ஓமலூர் லோடுக்குப் போகும் செல்லமுத்து எழுந்து போய் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இரண்டாவது பெண் லென்ஸை விரல் நுனியில் ஏந்தி அவர் கண்ணருகே கொண்டுபோனாள்.

இவர்களிடம் என்ன சொல்வது? நரம்பு, அழுத்தம், சில்லு என்று சொன்னால் யார் காதில் ஏறும்? எல்லாருக்கும் எல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கிறது. மைதிலி இடது கையை ஓங்கினாள். மூன்று விரலும் புதுத் தையலுமாக இருந்த அந்தக் கையால் கண்ணாடித் தடுப்பில் ஒரே ஒரு தட்டு தட்டினாள். வலி முழங்கை வரைக்கும் ஏறியது.

கடைக்குள் பேச்சு அடங்கியது. வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை டிரைவர்களின் வலது காலும் பிரேக்கை மிதிப்பது போலத் தரையில் ஊன்றியது. லென்ஸ் இமையைத் தொடப்போன நேரத்தில் செல்லமுத்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு, அம்மிணி," என்று எழுந்து உட்கார்ந்தார். "என்னன்னு கேட்டுட்டு வர்றேன்."